டீச்சரின் முறை

எங்கள் வகுப்பில் யாராவது வாய் தவறி "என்ன?" என்று கேட்டுவிட்டால், டீச்சர் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நடந்து வந்து அவர் முன்னால் நின்றுகொள்வார். கேட்டவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. கொஞ்ச நேரம் கழித்து டீச்சரே வாயைத் திறப்பார்.

"நீங்கதான கூப்பிட்டீங்க. சிங்களத்துல என்னன்னா வாங்கன்னு அர்த்தம். வந்துட்டேன். சொல்லுங்க."

இதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது. கோபமும் இருக்காது. வேலை நேரத்தில் முத்திரை குத்துகிற தபால்காரரின் முகம்தான். அந்த வகுப்பை விட்டு வந்து இத்தனை காலமாகியும் யாரிடமும் "என்ன" என்று கேட்பதற்கு முன் எனக்கு ஒரு தயக்கம் வருகிறது. என் மனைவி அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

டீச்சர் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரர். முப்பது வயது இருக்கும். தலவாக்கலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டப் பாடசாலைக்குச் சிங்களம் படிப்பிக்க வந்தார். நான் அங்கே கணக்கு வாத்தியார், எல்லாருக்கும் 'சேர்'. பகலில் அவர் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். வெள்ளிக்கிழமை மாலையில், கொழுந்து எடை போட்டு முடிந்த பிறகு, அதே தகரக் கொட்டகையில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார். அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிந்திய காலம். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் பலர் சிங்களம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "அவுங்க பாஷ நமக்கு எதுக்கு டீச்சர்?" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்.

"பஸ்ஸு போர்டு அவுங்க பாஷையிலதான எழுதியிருக்கு. ஏறாம நடந்தே போறீங்களா?" என்றார் டீச்சர்.

கேட்டவர் பிடிவாதக்காரர். கொஞ்ச நாள் நடந்தே போனார்.

மொத்தம் எட்டுப் பேர் சேர்ந்தோம். எனக்குச் சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணினால்தான் வேலை நிரந்தரமாகும். தோட்டத்து மருந்துச்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த டிஸ்பென்சர் ஐயா, தனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதைக் காட்டுவதற்காக வந்தார். கொழுந்து பறிக்கிற, டீச்சரைவிட மூத்த பாக்கியம் வந்ததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். காதுவலி என்று நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்குப் போய், அவர்கள் சிங்களத்தில் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டி, நல்ல பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தவள் அவள். காது அப்படியே வலித்துக்கொண்டிருந்தது.

டீச்சரின் அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அலுத்துப்போன சாமான்களெல்லாம் எங்கள் மலைக்கு வந்து சேரும். ஒரு டேப் ரெக்கோடர். முள் இல்லாமல் எண்கள் மட்டும் தெரிகிற ஒரு டிஜிட்டல் கைக்கடிகாரம். உள்ளங்கை அகலத்தில் ஒரு விளையாட்டுப் பெட்டி. அதன் சின்னத் திரையில் ஒரு குரங்கு மரத்தில் இருந்து தேங்காய் எறியும். கீழே கூடையோடு நிற்கிற ஆளை இடது பொத்தானும் வலது பொத்தானும் அமுக்கி நகர்த்தித் தேங்காயைப் பிடிக்க வேண்டும். வேறு எந்த வீட்டிலும் இவை அலமாரியில் லேஸ் துணியின் மேல் இருந்திருக்கும். டீச்சர் வகுப்புக்குக் கொண்டுவந்தார்.

டேப் ரெக்கோடரைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் போய்ப் பதிந்து வருவார். பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் கூவுவது, ஆஸ்பத்திரியில் நம்பர்த் துண்டு கொடுக்கிறவர் அதட்டுவது, மரக்கறிக்காரி விலை சொல்வது. பாடப் புத்தகத்துச் சிங்களத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரின் கெசட்டில் யாரும் யாரையும் விசாரிக்கவில்லை.

ஒருநாள் அவர் போட்ட கெசட்டில் தோட்டத்தை நடத்துகிற எங்கள் தொரையின் குரல் கேட்டது. காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும்போது அவர் திட்டியதை அப்படியே பதிந்திருந்தார். எட்டுப் பேரும் எழுந்து நின்றுவிட்டோம்.

"ஒக்காருங்க. இதுல எது வேல, எது கோவம்? பிரிச்சுச் சொல்லுங்க," என்றார் டீச்சர்.

திரும்பத் திரும்பப் போட்டுப் பிரித்தோம். அவ்வளவு திட்டுக்குள்ளும் வேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானைத் துப்புரவு பண்ணச் சொல்லியிருக்கிறார். "இம்புட்டுத்தானா?" என்றாள் பாக்கியம். தமிழில்தான்.

விஷயம் தொரை காதுக்குப் போயிற்று. அடுத்த வெள்ளி அவருடைய ஜீப் வந்து நின்றது. டீச்சர் அவரிடம் சிங்களத்தில், இது கேட்கிற நேரம், முடியும்வரை உட்காருங்கள் என்றார். தொரை, முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார். தன் குரலை முழுவதும் கேட்டார். "மேக்க மமத?" என்றார். இது நானா என்று அர்த்தம்.

"ஓவ்," என்றார் டீச்சர். ஆமாம்.

இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார். சில நாள் பெரட்டில் மெதுவாகப் பேசினார். பிறகு பழையபடி ஆகிவிட்டது. ஆனால் கானைத் துப்புரவு பண்ணச் சொல்லும்போது மட்டும் கடைசிவரை திட்டவில்லை.

மழை பெய்தால் தகரக் கூரையின் சத்தத்தில் கெசட் கேட்காது. அன்றைக்கெல்லாம் குரங்குப் பெட்டி. அதை வைத்திருப்பவரின் கண்ணை டீச்சர் துண்டால் கட்டிவிடுவார். எதிரே ஒருவர் திரையைப் பார்த்து "வமட", "தகுணட" என்று சொல்ல வேண்டும். வமட என்றால் இடப்பக்கம், தகுணட என்றால் வலப்பக்கம். கண் கட்டியவர் அதைக் கேட்டுப் பொத்தானை அமுக்க வேண்டும். எதிரெதிரே இருப்பதால் ஒருவருடைய இடது மற்றவருக்கு வலது. "ஒங்க எடது இல்ல. பெட்டி வச்சிருக்கவங்க எடது," என்று சலிக்காமல் சொல்வார். நான் கணக்கு வாத்தியார். எனக்குத்தான் தேங்காய்கள் அதிகம் விழுந்தன.

சட்டம் இரண்டு. ஒரு நேரத்தில் ஒரு வாய்தான் பேசலாம். யாருடைய முறையோ அவருடைய வாய். அதற்கு மேல் பெரியவர், சின்னவர், தெரிந்தவர், தெரியாதவர் ஒன்றும் கிடையாது. டீச்சர் வரிசையில் தன்னையும் சேர்த்துக்கொண்டு, தன் முறைக்குத் தானும் கண்ணைக் கட்டிக்கொள்வார். டிஸ்பென்சர் ஐயா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அடுத்தவருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"நீங்க அவுட்டு. வெளிய பெஞ்சுல இருங்க."

"தூறுது டீச்சர்."

"கொட கொண்டாந்திருக்கீங்கதான?"

வகுப்பு முடியும்வரை அந்த மனிதர் வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே டீச்சர் அவர் இருந்ததையே மறந்துவிட்ட மாதிரி பாடத்தை நடத்தினார். எனக்கு அன்றைக்கு டீச்சர்மேல் கொஞ்சம் பயம் வந்தது.

பாக்கியத்தின் முறை வரும்போதெல்லாம் நடப்பது ஒன்றுதான். அவள் வாயைத் திறக்க மாட்டாள். டீச்சர் கைக்கடிகாரத்தில் ஒரு நிமிடம் வைப்பார். அந்த நிமிடம் முழுவதும் தேங்காய் விழுந்துகொண்டிருக்கும். கடிகாரம் கீகீ என்று கத்தியதும் "அடுத்து" என்பார். பரவாயில்லை என்றோ, அடுத்த வாரம் சொல்லலாம் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அவள் முறையை ஒருநாளும் தாண்டிப் போனதும் கிடையாது. மாதக்கணக்காக இப்படியே நடந்தது. "பாவம் டீச்சர், அத விட்டுருங்களேன்," என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"அது அவுங்க முற சேர். நான் எப்புடி எடுக்கிறது?" என்றார்.

ஐப்பசி மழையில் ஒரு வெள்ளிக்கிழமை எங்களைத் தலவாக்கலைக்குக் கூட்டிப் போனார். தபால் கந்தோரில் ஆளுக்கொரு முத்திரை சிங்களத்தில் கேட்டு வாங்க வேண்டும். எல்லாரும் வாங்கினோம். பாக்கியம் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவரைப் பார்த்தபடி நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். வரிசையில் கடைசியாக டீச்சர். அவர் போய் நிற்பதற்குள் கதவை இழுத்து மூடிவிட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நல்ல கூட்டம். மலையேற ஏற மூடுபனி மப்பு இறங்கி, நான்கு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் தோட்டத்து ரோட்டில் பாதி தூரம் போயிருப்போம். பஸ் குலுங்கி நின்றது. முன்னால் மண் சரிந்து ரோட்டை அடைத்துக் கிடந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே இருந்து கல்லும் மண்ணும் உதிர்ந்துகொண்டிருந்தன. அங்கே நிற்க முடியாது. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில்தான் ரோடு அகலம். அதுவரை பின்னாலேயே போக வேண்டும். ஒரு பக்கம் மலை. மறுபக்கம் கீழே ஆறு.

சாரதி கினிகத்தேனைக்காரர், சிங்களவர், வயதானவர். தமிழில் அவருக்கு இரண்டு வார்த்தை தெரியும். அதில் இடதும் இல்லை, வலதும் இல்லை. வழி சொல்ல இறங்கின கண்டக்டர் கானில் கால் வழுக்கி விழுந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கத்தினார். இரண்டு பேர் அவரைத் தூக்கிப் படியில் உட்காரவைத்தார்கள். சாரதி மெதுவாகப் பஸ்ஸைப் பின்னால் எடுத்தார்.

அப்போது பஸ்ஸுக்குள் எல்லாரும் கத்தத் தொடங்கினார்கள். பின்சீட்டில் இருந்தவர்கள் கண்ணாடி வழியே பார்த்து, கீழே வெறும் மப்பு மட்டும் தெரிவதைக் கண்டு, "என்ன? என்ன நடக்குது? என்ன?" என்று அலறினார்கள்.

சாரதிக்குக் கேட்டது, வாங்க, வாங்க.

அவர் வந்தார். பின்சக்கரத்துக்கு அடியில் ரோட்டோரக் கல் ஒன்று பெயர்ந்து கீழே போகிற சத்தம் கேட்டது. அது எங்கோ போய் விழுந்த சத்தம் கேட்கவேயில்லை. நான் முன்சீட்டுக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

தகரத்தில் பளார் பளார் என்று அடிக்கிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். டீச்சர் எழுந்து நின்று பஸ்ஸின் பக்கத்துத் தகரத்தைக் கையால் அறைந்துகொண்டிருந்தார். பஸ் நின்றது.

"ஒரு வாய்," என்றார். "ஒரு வாய்தான் பேசணும். மத்தவங்க மூடுங்க."

முதலாளிகள், மேஸ்திரிகள், பிள்ளைக்காரிகள் எல்லாரும் மூடினார்கள். டீச்சர் பாக்கியத்தின் தோளில் கையை வைத்தார்.

"பாக்கியம், ஒங்க முற."

டிஸ்பென்சர் ஐயா பாய்ந்து எழுந்தார். "டீச்சர், உசுரு போற நேரத்துல வெளையாட்டா? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா ஒரு நிமிசம்..."

"நீங்க அவுட்டு," என்றார் டீச்சர், திரும்பிப் பார்க்காமல்.

பாக்கியம் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். டீச்சர் கடிகாரத்தைத் தொடவில்லை. மேலே இருந்து ஒரு பிடி மண் கூரையில் விழுந்தது. பாக்கியம் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கண்டக்டரைத் தாண்டி இறங்கி மப்புக்குள் மறைந்தாள்.

சத்தமே இல்லை. தேங்காய் விழுகிற அந்த நிமிடம்தான் என்று நினைத்தேன். பிறகு பின்னால் இருந்து ஒரு குரல் கேட்டது. அதுவரை நாங்கள் யாரும் கேட்டிராத குரல்.

"நவத்தன்ன."

நிறுத்துங்க. சாரதி பிரேக்கை அழுத்திப் பிடித்தார்.

"வமட. வமட டிக்கக்."

இடப்பக்கம். கொஞ்சம் இடப்பக்கம். பஸ் மலைப்பக்கமாகச் சாய்ந்தது. பிறகு "பஸ்ஸட" என்றது குரல், பின்னால் வாங்க என்று. "ஹிமீட்ட, ஹிமீட்ட" என்றது, மெதுவா, மெதுவா. ஒவ்வொன்றுக்கும் சாரதி "ஹரி, ஹரி" என்று பதில் சொன்னார், சரி, சரி என்று. ஒரு வளைவில் "தகுணட" என்று கேட்டது. ஸ்டேரிங் திரும்பியது. பஸ்ஸுக்குள் இருந்த அறுபது பேரில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

"நே, நே. வமட."

இல்லை, இல்லை, இடப்பக்கம். அவ்வளவுதான். ஒரு தப்பு. மடுவத்துக்கு முன்னால் பஸ் நின்றபோது சாரதி இறங்கிப் பின்னால் போனார். சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றவளிடம் "அக்கே" என்று ஆரம்பித்து நீளமாக ஏதோ சொன்னார். பாக்கியம் பழையபடி வாயை மூடிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தவர்கள், பஸ் முதலில் நின்ற இடம் மண்ணுக்கு அடியில் இருந்தது என்றார்கள்.

தோட்டமே பாக்கியத்தைக் கொண்டாடியது. ஆனால் பஸ்ஸில் இருந்த ஒரு கடைக்கார முதலாளி டீச்சர்மேல் முறைப்பாடு கொடுத்தார். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் பஸ்ஸில் இருந்தும், வாயே திறக்காத பெண் ஒருத்தியை அனுப்பி அறுபது உயிரோடு விளையாடினார் என்று. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஹற்றனில் விசாரணை நடந்தது. சாட்சியாக நானும் போனேன்.

கல்வி அதிகாரி நிதானமான மனிதர். "அந்தப் பெண் பிழை விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டார்.

"பிழ விட்டாங்க சேர். ஒரு தடவ. அவுங்களே திருத்திக்கிட்டாங்க."

"நீங்கள் ஏன் சொல்லவில்லை?"

"அது அவுங்க முற சேர்."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த மாதமே இடமாற்றம் வந்தது. உடப்புசல்லாவைக்கும் அப்பால், பஸ் போகாத ஒரு பாடசாலை. மேல்முறைப்பாடு கொடுக்கலாம், தோட்டத்து ஆட்கள் எல்லாரும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள் என்று சொன்னேன். வேண்டாம் என்றார்.

அவரை வழியனுப்பத் தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் போனேன். ஒரு தகரப் பெட்டி, டேப் ரெக்கோடர் பை. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அப்போதுதான் எனக்கு ஏதோ கணக்கு உதைத்தது.

"டீச்சர், பாக்கியத்தோட முற தபால் கந்தோர்லயே முடிஞ்சிருச்சே. அவளுக்கு அடுத்து..."

"நான்தான்," என்றார்.

நான் தகரப் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"முறப்படி என்னோடதுதான் சேர். எந்திரிச்சு நின்னேன். ஒரு வாய்னு சொன்னேன். அதோட தமிழும் போச்சு, சிங்களமும் போச்சு. வமட எது தகுணட எதுன்னு ஒன்னுமே தெரியல. பக்கத்துல அவுங்க இருந்தாங்க. அவுங்க தோள்ல கைய வச்சுட்டேன்." பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். "அந்த முதலாளி கொடுத்தது நியாயமான முறப்பாடுதான்."

"இத ஹற்றன்ல சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பாக்கியம் செஞ்சது என்னாகும்? நான் செய்ய வேண்டியத செஞ்சாங்கன்னு ஆயிரும். அது அவுங்க முறையாவே இருக்கட்டும்."

பஸ் வந்தது. பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். கையசைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

நான் பரீட்சையில் பாஸாகி, வேலை நிரந்தரமாகி, வேறு பாடசாலைக்கும் போய்விட்டேன். பாக்கியத்தை ரொம்ப காலம் கழித்து நுவரெலியா ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மருமகளைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். தாதி கேட்ட கேள்விக்கெல்லாம் சிங்களத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கேள்விக்கு, அது உனக்கு எதற்கு என்று கூடக் கேட்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். டீச்சரைப் பற்றிப் பேச்சு வந்தது. இனி மறைத்து யாருக்கு என்ன லாபம் என்று, பஸ் ஸ்டாண்டில் அவர் சொன்னதைச் சொன்னேன்.

பாக்கியம் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் சேர்," என்றாள். "தோள்ல கைய வச்சாங்கல்ல, அந்தக் கை வெடவெடன்னு நடுங்குச்சு. எனக்குச் சிங்களம் வந்துருச்சுன்னா எறங்குனேன்? அந்தப் புள்ள நடுங்குறது வேற யாருக்கும் தெரியக் கூடாதுன்னு எறங்குனேன்."